உப்புவெளி–நிலாவெளியா, இறக்கக்கண்டி–குச்சவெளியா? ஒருநாள் கரையோர நடை

திருகோணமலையில் கடலோரமாக ஒரு பகல் நடக்கலாம் என்று பேச்சு எடுத்தால், அது கடைசியில் இரண்டு கரைகளில் வந்து நிற்கும். ஒன்று, உப்புவெளியில் மணலில் இறங்கி வடக்கே நிலாவெளி வரை, ஏறக்குறைய 10 கிலோமீற்றர். மற்றது, இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் தொடங்கிக் குச்சவெளிப் பாறை வரை, ஏறக்குறைய 15. இரண்டுக்கும் பக்கத்தில் ஓடுவது அதே புல்மோட்டை வீதிதான். அழகை வைத்துப் பார்த்தால் குச்சவெளிப் பக்கம் ஒரு படி மேல். ஆனாலும் நான் உப்புவெளி–நிலாவெளியைத்தான் சொல்வேன். காரணம் தண்ணீர். கடல் தண்ணீர் அல்ல, களப்புத் தண்ணீர், அதாவது கரைக்கு உள்ளே தேங்கும் உப்பங்கழித் தண்ணீர்.

நகரத்துக்குள்ளேயே நடக்கலாமே என்பவர்களுக்கு: டச் பே, பிரெட்ரிக் கோட்டை, கோணேசர் கோயில், இராவணன் வெட்டு எல்லாம் சேர்ந்து நல்ல மாலை உலா. ஒருநாள் நடைக்குப் போதாது. கோட்டை மான்கள் சாப்பாட்டுப் பைக்கு மூக்கை நீட்டும், பையை இறுக்கிக் கட்டுங்கள். அவ்வளவுதான்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிறபோது கடல் தணிந்து கிடக்கும், கரை அகலமாக இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. வாடைக்காற்றோடு அலை ஏறி, நடக்கக்கூடிய மணலையே தின்றுவிடும். எங்கள் பக்கத்தில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே அரை மீற்றர் அளவுதான் வித்தியாசம். ஆகவே வற்று நேரம் பார்த்து நடந்தால் அகலமான ஈரமணல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பயனில்லை. அன்றைய அலையும் காற்றும் விட்டு வைப்பதுதான் பாதை.

இனி முகத்துவாரம். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் நடுவில் சாம்பல்தீவுக் களப்பு கடலோடு சேரும் இடம் இருக்கிறது. கோடை நீண்டால் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும், காய்ந்த காலோடு கடக்கலாம். மழை பெய்து களப்பு நிரம்பினால் அது உடைத்துக்கொண்டு ஓடும். இந்த நடையில் ஆட்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் ஒரே விதமாகத்தான். பார்வைக்கு முழங்கால் அளவு தண்ணீர், அகலமும் பெரிதில்லை, அக்கரையில் நல்ல மணல். இறங்கியதும் நடுவில் அடிமணல் அரிக்கப்பட்டு இடுப்பளவு பள்ளமாக இருக்கும். கலங்கல் தண்ணீரில் அது கண்ணுக்குப் படாது. களப்பிலிருந்து வெளியேறும் இழுவையோ நேரே கடலைப் பார்த்துப் போகும். விழுந்தால் பக்கத்துக் கரைக்குப் போக மாட்டீர்கள், அலைக்குத்தான் போவீர்கள்.

பார்க்கும் முறை இது. மணல்திட்டின் மேல் மாட்டுத் தடமோ சைக்கிள் தடமோ குறுக்கே போயிருந்து, மேல்மணல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் வாய் அடைத்து நாளாகிவிட்டது, நடக்கலாம். தடமே இல்லாமல் மணல் பளபளத்து, கால் வைத்ததும் கணுக்கால் வரை உள்ளே இழுத்தால் அது புதிதாக அடைத்தது, அல்லது உடையப் போவது. திரும்புங்கள். தண்ணீர் ஓடுகிறதென்றால் ஆழம் பார்க்கும் வேலையே வேண்டாம். பக்கத்து வாடியில் (மீனவர் குடிசையில்) யாராவது இருப்பார்கள். “அண்ணை, முகத்துவாரம் இப்ப அடைச்சிருக்கோ, உடைச்சிருக்கோ?” என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். ஓடினால் உள்ளே திரும்பி, வீதிக்கு ஏறி, சாம்பல்தீவுப் பாலத்தால் கடந்து, அடுத்த ஒழுங்கையால் மீண்டும் கடற்கரைக்கு இறங்குங்கள். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கினால் போதும்.

இதனால்தான் திசையும் முக்கியம். உப்புவெளியில் தொடங்கினால் முகத்துவாரம் முதல் பாதியிலேயே வந்துவிடும். வெயில் ஏறியிருக்காது, காலும் களைத்திருக்காது, பாலத்தைச் சுற்றிப் போக மனமும் வரும். நிலாவெளியிலிருந்து தெற்கே வந்தால் அதே இடம் கடைசியில் வரும். பத்து மணி வெயிலில், தண்ணீர்ப் போத்தல் காலியாகி, தங்கும் அறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எவருக்கும் சுற்றிப் போகப் பிடிக்காது. பிழையான முடிவுகள் பிறப்பது அந்த நேரத்தில்தான்.

வடக்கே நடப்பதில் இன்னொரு வசதி, கச்சான் இடது பின்புறத்திலிருந்து வரும், முகத்தில் மணலை வாரி இறைக்காது. குறை என்னவென்றால் காலை வெயில் முழுக்க வலப்பக்கம். வலது காது, கழுத்து, கெண்டைக்கால் மூன்றும் கருகும். முழுக்கைச் சட்டையும் பின்கழுத்தை மூடும் துணியும் வேண்டும். கரை கடலை நோக்கிச் சரிவதால் வலது கால் எப்போதும் தாழ்வில் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் முழங்கால் சொல்லிவிடும். கால் மணிக்கொரு தடவை மேலே ஏறிச் சமமான மணலில் ஐந்து நிமிடம் நடங்கள், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. ஈரமணலில் மணிக்கு 4 கிலோமீற்றர், பொலபொலத்த மணலில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.30க்கு இறங்கினால் பத்து மணிக்குள் நிலாவெளி.

பஸ்ஸில் வந்தால் உப்புவெளி போர்க் கல்லறை என்று சொன்னால் கொண்டக்டர் இறக்கிவிடுவார். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர். சம்பலோடு கட்டிய இடியப்பப் பார்சல் வேண்டாம், தேங்காய்ப்பூ வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். ரொட்டி, பேரீச்சம்பழம், ஒரு பொட்டலம் கச்சான் போதும் (காற்றும் கச்சான், கொறிக்கிற நிலக்கடலையும் கச்சான், பிறத்தியாருக்கு இது விளங்காது). வலைத்துணிச் சப்பாத்து மணலை அள்ளி நிரப்பும். குதியில் பட்டியுள்ள சான்டல்ஸ் நல்லது. வெறுங்காலோடு நீர்விளிம்பில் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், அதற்குமேல் ஈரமணல் விரல்நுனித் தோலை உரசி எடுத்துவிடும். மேட்டுப் பக்கம் அடம்பன் கொடியில் கால் வைக்கலாம், இராவணன் மீசை என்ற முட்புல்லில் வைக்க வேண்டாம். அதன் முள் உடைந்து தோலுக்குள்ளேயே நின்றுவிடும்.

கரைவலை இழுக்கிறார்கள் என்றால் கடல் பக்கமாகக் கயிற்றைத் தாண்ட வேண்டாம். விறைத்த கயிறு திடீரென்று எழும்பும். இழுப்பவர்களுக்குப் பின்னால், கயிறு சுருட்டி வைக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். வாடி நாய்கள் குரைத்தால் ஓடாமல் நீர்விளிம்புக்கு இறங்கி நடந்தால் விட்டுவிடும். கடற்படை வேலி தென்பட்டால் படம் எடுக்காமல் வீதிக்கு ஏறிவிடுங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத் தீவையும் அதே நாளில் செருக நினைப்பவர்கள் முதலில் நிலாவெளியில் ஓர் இளநீர் குடித்துவிட்டு யோசிக்கலாம். நடந்து களைத்த உடம்போடு நீரோட்டத்தில் முருகைக்கல் பார்க்க இறங்குவது நல்லதல்ல.

குச்சவெளிப் பக்கத்துக்கு நான் சொல்வது கோடைக் கணக்கு மட்டும். ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட வெண்மணல், முடிவில் கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறை, அதன்மேல் பழைய பௌத்த இடிபாடு, பாறையில் வெட்டிய கல்வெட்டு. கண்ணுக்கு நிலாவெளியைவிட இதுதான் விருந்து. ஆனால் வழியில் சலப்பையாறு கடலோடு சேரும் முகத்துவாரம் இருக்கிறது. கடையும் நிழலும் குறைவு, ஓட்டோ நினைத்த இடத்தில் கிடைக்காது. 15 கிலோமீற்றர் மணல் என்றால் வெயில் ஏறுமுன் முடியாது. ஆளுக்கு நாலரை லீற்றர் தண்ணீர், இரண்டு பேராவது துணை, வீதியில் காத்திருக்க ஒரு வாகனம் இருந்தால் போகலாம்.

அப்படிப் போவதென்றால் இதைத் தலைகீழாக நடங்கள். முதல் பஸ்ஸில் குச்சவெளிக்குப் போய், பாறையைக் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்புங்கள். கச்சான் எதிரே வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிலுக்குச் சலப்பையாறு முன்னதாகவே வந்துவிடும்; சாம்பல்தீவுக்குச் சொன்ன அதே தடம் பார்க்கும் முறை அங்கேயும் உதவும். நடக்க நடக்க வீடுகளும் கடைகளும் கூடிக்கொண்டே வரும். இறக்கக்கண்டி முகத்துவாரத்தை மட்டும் எந்த மாதத்திலும் காலால் கடக்க நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே கரையை விட்டு ஏறி, பாலத்தடியில் நின்று திருகோணமலை பஸ்ஸுக்குக் கை காட்டுங்கள்.