திக்கிப் பேசும் பிள்ளைக்கு எந்தக் கோடை முகாம்?

திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கான கோடை முகாம்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். விளையாட்டு, பாட்டு, கடைசி நாளில் மேடை நிகழ்ச்சி. ஆனால் ஒரு வகை முகாம் திக்கலையே குறைக்கப் பார்க்கிறது; இன்னொரு வகை, திக்கினாலும் வாயை மூடிக்கொள்ளாத பிள்ளையை உருவாக்கப் பார்க்கிறது. எந்த வகை என்று கேட்டால் 'இரண்டும்தான்' என்பார்கள். தினசரி அட்டவணையை வாங்கிப் பாருங்கள். நேரம் எதில் கரைகிறதோ அதுதான் நோக்கம்.

முதல் வகையில் உயிரெழுத்தை இழுத்துச் சொல்வது, சொல்லை மென்மையாகத் தொடங்குவது, வேகத்தைக் குறைப்பது ஆகியவைதான் பாடம். கனடாவின் எட்மன்டனில் உள்ள இஸ்டார் என்ற திக்கல் சிகிச்சை மையம் இந்த மரபில் பெயர் பெற்றது. இம்முறையில் நிமிடத்துக்கு 40 முதல் 60 அசை என்ற ஆமை வேகத்தில் தொடங்கி, படிப்படியாக இயல்பான வேகத்துக்கு ஏற்றுவார்கள். பலன் சீக்கிரம் தெரியும். ஒரு வாரத்திலேயே பெற்றோர் பூரித்துப்போவார்கள். சிக்கல் பிறகுதான் வரும். இந்த உத்திக்குக் கவனம் முழுவதும் பேசும் விதத்தில் இருக்க வேண்டும். மைதானத்தில் சண்டை போடும்போதும் வகுப்பில் திடீரென்று கேள்வி கேட்கப்படும்போதும் யாருக்கும் அந்தக் கவனம் மிஞ்சாது. அதோடு இழுத்துப் பேசுவது செயற்கையாக ஒலிப்பதால் பதின்வயதுப் பிள்ளைகள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். திக்கல் திரும்பும். 'நான்தான் சரியாகச் செய்யவில்லை' என்ற குற்றவுணர்வும் கூடவே வரும். இவ்வகையைத் தேர்ந்தால், முகாம் முடிந்தபின் எத்தனை மாதம், எத்தனை முறை தொடர்பயிற்சி தருவார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகைக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 'கேம்ப் ட்ரீம் ஸ்பீக் லிவ்' நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வாரப் பகல்நேர முகாம். சரளம் அதன் இலக்கே அல்ல. தன் திக்கலைப் பற்றித் தானே எடுத்துச் சொல்வது, கேலியை எதிர்கொள்வது, கூட்டத்தின் முன் பேசுவது ஆகியவற்றைத்தான் பழக்குகிறார்கள். திக்கும் பிள்ளைகளுக்காக 2001இல் நியூயார்க்கில் தொடங்கிய 'சே' அமைப்பின் முகாம் இரவும் தங்கும் வகை. உடன்பிறந்தவர்களும் நண்பர்களும்கூட வரலாம். மிச்சிகனின் 'கேம்ப் ஷவுட் அவுட்' பிள்ளைகளோடு சேர்த்துப் பேச்சு சிகிச்சையாளர்களுக்கும் பயிற்சி தருகிறது. லண்டனின் மைக்கேல் பேலின் மையம் முகாம் அல்ல, சிகிச்சை மையம். இருந்தாலும் அதன் தீவிரக் குழுப் பயிற்சியில் பெற்றோரும் பங்கேற்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் 'மூச்சை இழுத்துவிட்டு மெதுவாகச் சொல்லு' என்று குறுக்கிடுவது நிற்காவிட்டால் எந்த முகாமும் எடுபடாது.

பகல்நேர முகாமா, தங்கும் முகாமா? தன்னைப்போல் திக்கும் இன்னொருவரைப் பார்த்தே இராத பிள்ளைக்குத் தங்கும் முகாம் கூடுதலாகக் கொடுக்கும்; சாப்பாட்டு வரிசையிலும் விளக்கணைத்தபின் நடக்கும் அரட்டையிலும்தான் பாதிப் பயிற்சி நடக்கிறது. வீட்டைப் பிரிந்து இராத பிள்ளைக்குப் பகல்நேரமே போதும்.

முகாமின் தரத்தை முதல் மணி நேரத்திலேயே எடை போட்டுவிடலாம். அறிமுக வட்டத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டு பேரை உட்காரவைத்து வரிசையாகப் பெயர் சொல்லச் சொன்னால், ஒன்பதாவது இடத்தில் இருக்கும் பிள்ளை முந்தைய எட்டுப் பேர் சொன்ன எதையும் கேட்டிருக்காது. சிரமமான சொல்லை வேறு சொல்லால் மாற்றித் தப்பிக்கலாம். சொந்தப் பெயரை மாற்ற முடியாது. முறை நெருங்க நெருங்கத் தொண்டை இறுகும். விவரம் தெரிந்த முகாமில் வரிசையே இருக்காது. விரும்பியவர் விரும்பியபோது பேசுவார். நடத்துபவரே முதலில் வேண்டுமென்றே திக்கிக் காட்டுவதும் உண்டு. சொல் சிக்கும்போது யாராவது எடுத்துக்கொடுக்கிறார்களா, கடிகாரத்தைப் பார்க்கிறார்களா என்றும் பாருங்கள். நாக்கைக் குழறவைக்கும் நாப்பயிற்சி வாக்கியம் என்று அட்டவணையில் கண்டால் அந்த முகாமைத் தவிர்ப்பதே நல்லது.

கடைசி நாள் மேடையை அளவுகோலாக எடுக்காதீர்கள். பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பெரும்பாலானோருக்குத் திக்கல் ஏறக்குறைய மறைந்துவிடும். நாடகப் பாத்திரமாகப் பேசும்போதும் பலருக்குக் குறையும். கைதட்டலை வாங்கிவிட்டு வந்த அதே பிள்ளை மறுநாள் கடையில் பொருளின் பெயரைச் சொல்ல முடியாமல் விரலை நீட்டலாம். நல்ல முகாம் பிள்ளைகளை முதலில் தெரிந்தவரோடு தொலைபேசியில் பேசவைத்து, பிறகு தெரியாதவரோடு, கடைசியில் கடை முகப்புக்கு என்று படி ஏற்றும்.

தேர்வுக்குத் திக்கலின் கடுமையை மட்டும் பார்க்க வேண்டாம். அடிக்கடி திக்கினாலும் ஓயாமல் பேசும் பிள்ளைக்கு, அதுவே விரும்பினால், முதல் வகையின் உத்திப் பயிற்சியைத் தந்து பார்க்கலாம். திக்கலே வெளியே தெரியாமல், சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு, 'தெரியாது' என்று தப்பித்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் இரண்டாம் வகை அவசரமாகத் தேவை. அங்கே போய்வந்தபின் அந்தப் பிள்ளையின் திக்கல் முன்பைவிடக் கூடுதலாகக் காதில் விழலாம். இதுவரை ஒளித்ததை நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். 'காசு கொடுத்து அனுப்பினோமே, அதிகமாகிவிட்டதே' என்று அதன் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள்.