கரண்ட் போனால் வேலை யார் கையில்? ஏஎம்கியூபியா, பீன்ஸ்டாக்டியா

சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறோம். ஒரு முந்தியின் படத்தைத் தறிக்கான கோப்பாக மாற்ற அரை மணி நேரம்கூட ஆகும். மாற்றுவது ஆறு பழைய கம்ப்யூட்டர்கள். வேலையைப் பங்கு போடுவது நடுவில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் 'புரோக்கர்' என்ற மென்பொருள். யூபிஎஸ் புரோக்கருக்கு மட்டும்தான்.

முதலில் வைத்திருந்த புரோக்கர் ராபிட்எம்கியூ, அது பேசும் மொழி ஏஎம்கியூபி. போன ஆடியில் பீன்ஸ்டாக்டி என்ற இன்னொரு புரோக்கருக்கு மாறினோம். எங்கள் அளவுக்கு வேகம் இரண்டிலும் ஒன்றுதான். எம்கியூடிடி என்ற இன்னொரு செய்தி மொழியையும் பார்த்தோம், 1999இல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவானது, சென்சாருக்கு அருமை. ஆனால் அதன் ஒப்புகை, அதாவது 'சரி' என்ற பதில், செய்தி வந்து சேர்ந்ததற்கே, வேலை முடிந்ததற்கு அல்ல. விட்டுவிட்டோம்.

எங்களுக்கு அதுதான் முக்கியம். ஏற்காட்டு மலையில் இடி இடித்தாலே எங்கள் தெருவில் கரண்ட் போகும். பாதியில் மெஷின் அணைந்தால் அந்த வேலை என்ன ஆகும்?

ஏஎம்கியூபியில் ஒப்புகை வரும்வரை வேலை புரோக்கர் கணக்கிலேயே இருக்கும். இணைப்பு அறுந்தால் வரிசைக்குத் திரும்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பைத்தான் நிரல் ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக ஓடியது. அது கணக்கில் மூழ்கியிருக்கும்போது, 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் ஹார்ட்பீட் புரோக்கருக்குப் போகாது. மெஷின் செத்துவிட்டது என்று புரோக்கர் இணைப்பைத் துண்டிக்கும், அதே முந்தி இன்னொரு மெஷினுக்கும் போகும். தனி திரெட் எழுதிச் சரிசெய்தோம். அப்புறம் ஒப்புகைக்கான 30 நிமிட வரம்பையும் கூட்ட வேண்டி வந்தது.

பீன்ஸ்டாக்டியில் கெடு இணைப்புக்கு அல்ல, ஒவ்வொரு வேலைக்கும். கரைக்கு 60 விநாடி, முந்திக்கு 300 என்று வைத்திருக்கிறோம். டிசைனில் சில நூறு வரிகள் முடிந்ததும் மெஷின் 'டச்' அனுப்பும், கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் போனால் டச் வராது. கெடு முடிந்ததும் வேலை தானாக வரிசைக்கு வந்துவிடும். தாமதமாக முடித்த மெஷின் வேலையை நீக்கப் போகும்போது, அது வேறொருவர் கையில் இருந்தால் 'இல்லை' என்ற பதில் கிடைக்கும். அந்தக் கோப்பை ஒதுக்கிவிடுவோம். திரும்பத் திரும்ப உடையும் டிசைனை 'பரி' செய்து புதைத்துவிடலாம், காலையில் பார்த்து 'கிக்' கொடுத்தால் எழுந்துவிடும். எல்லாமே வெறும் எழுத்துக் கட்டளைகள் என்பதால், இரவுப் பணியில் இருக்கும் தம்பி டெல்நெட்டில் 11300 போர்ட்டைத் திறந்து தானே பார்த்துக்கொள்கிறான். நடுராத்திரியில் எனக்குப் போன் வருவது நின்றது இதனால்தான்.

குறையும் உண்டு. கடவுச்சொல் கிடையாது, ஆகவே கடைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். வேலைகளை டிஸ்கில் எழுதிவைக்கும் பின்லாக் போடாமல் ஓட்டினால், நிறுத்தித் தொடங்கும்போது வரிசை காலி. ஒரு வேலைக்கு இயல்பான வரம்பு 65,535 பைட். படத்தை அனுப்பாமல் அது இருக்கும் இடத்தை மட்டும் அனுப்புகிறோம்.

ஆறு மெஷினுக்கு மேல் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. வேறு ஊரில் கிளை, இரண்டு புரோக்கர் என்று போகிறவர்கள் ராபிட்எம்கியூவிலேயே இருக்கட்டும்.