கோத்தகிரில கிடைக்கற 1, 3, 9, 27 தராசு செட்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டியூஷன் எடுக்கறவங்க யாரா இருந்தாலும் இத ஒண்ணு வாங்கி வைங்க. கோத்தகிரி மார்க்கெட் பக்கத்துல ஒரு சின்ன மரச்சாமான் கடைல விக்கறாங்க, ஒரு மரத் தராசு, பித்தளை எடைக்கல்லு நாலு, 1, 3, 9, 27 கிராம், கூட ஒரு டப்பால ஒரு கிராம் மணி 40, அவ்ளோதான் செட்டு. இந்த நாலு கல்லுலயே 1-ல இருந்து 40 வரைக்கும் எல்லா முழு எண்ணையும் நிறுத்திரலாம், ஏன்னா கல்ல ரெண்டு தட்டுலயும் வைக்கலாம். எதிர் தட்டுல வச்சா கூட்டல், மணி இருக்கற தட்டுலயே வச்சா கழித்தல். 5 மணி போட்டா எதிர்ல 9, மணி கூட 3-ம் 1-ம். 25-க்கு எதிர்ல 27-ம் 1-ம், மணி பக்கம் 3. எந்த எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான் வரும்.

பேலன்ஸ்டு டெர்னரின்னு சொல்றது இதத்தான், பேஸ் 3-தான் (மூணு அடிமானம், ஒவ்வொரு இடமும் முந்தினதுக்கு மூணு மடங்கு) ஆனா இலக்கம் 0, 1, 2-க்கு பதிலா -1, 0, 1. மாஸ்கோ பல்கலைக்கழகத்துல 1958-ல புருசென்ட்சோவ் டீம் செஞ்ச செதூன் கம்ப்யூட்டர் இந்த முறைலதான் ஓடுச்சு. மைனஸ் குறியே வேணாம், எல்லா கல்லையும் தட்டு மாத்தி வச்சா எண்ணு மைனஸ் ஆயிடும்.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது ஒத்தைப்படை ரெட்டைப்படை விஷயம். பத்து அடிமானத்துல கடைசி இலக்கத்த பாத்தா போதும், பேஸ் 3-ல அது நடக்காது, 1-ல முடியற 1, 4, 7, 10 எல்லாம் ஒத்தை ரெட்டைன்னு மாறி மாறி வரும். ஆனா தராசுல எத்தன கல்லு ஏறிருக்குன்னு மட்டும் எண்ணுங்க, எந்தத் தட்டுன்னு கூட பாக்க வேணாம், ஒத்தைப்படையா கல்லு இருந்தா எண்ணும் ஒத்தை. 5-க்கு மூணு கல்லு, 8-க்கு 9-ம் 1-ம் ரெண்டு கல்லு, 40-க்கு நாலும். 1, 3, 9, 27 எல்லாமே ஒத்தை எண்ணுங்கறதுனால கூட்டினாலும் கழிச்சாலும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒத்தை ரெட்டை ஒரு தடவ மாறும், வேற காரணமே இல்ல. வீட்ல பச்சைத் தேயிலை எடை போடறத பாத்து வளர்ந்த பசங்க, ஃபார்முலா எழுதறதுக்கு முன்னாடியே இத புடிச்சிடறாங்க, அத பாக்கறப்ப அவ்ளோ சந்தோஷமா இருக்கு. 1 கிராம் கல்லு எந்தத் தட்டுலயும் இல்லன்னா மூணால வகுபடும், அதுவும் அவங்களே சொல்லிருவாங்க.

கடைல 2, 4, 8, 16 கல்லு தனி பாக்கெட்டா இருக்கு, அதையும் எடுங்க. 1, 4, 16 எதிர் தட்டுல மட்டும், 2-ம் 8-ம் மணி பக்கம் மட்டும்னு ரூல் வச்சா அது பேஸ் மைனஸ் 2. 1885-ல க்ரூன்வால்ட்னு ஒரு இத்தாலிக்காரர் எழுதுன விஷயம். 6 வேணும்னா 16 ஒரு பக்கம், 8-ம் 2-ம் மறுபக்கம், இப்படி 21 வரைக்கும் போகலாம்.

குறைன்னா, ஜூன் ஜூலைல ஈரத்துக்கு மரம் உப்பி நடு ஆணி இறுகிடுது, அப்ப தட்டு சரியா ஆடாது, கொஞ்சம் மெழுகு தேய்ச்சா சரியாகும். கூட வர்ற சீட்டும் இங்கிலீஷ்ல நாலு வரிதான், தமிழ்ல போட்டா இந்த ஊர்ல இன்னும் நல்லா போகும். விலைக்கு தரம் ஓகே, கல்லுங்க எடை சரியா இருக்கு. 81 கிராம் கல்லு வெளிய வைக்கறதில்ல, கேட்டா குடுப்பாங்க, மணி டப்பா இன்னும் ரெண்டு சேத்து வாங்குனா 120 வரைக்கும் போட்டுடலாம்.