தோள் வலிக்கு ஸ்டீராய்டு ஊசியா, பயிற்சியா?

பந்து வீசுபவர்களுக்கும் நீச்சல் வீரர்களுக்கும் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது வரும் தோள் வலிக்கு, பெரும்பாலும் மேற்கை எலும்பைக் குழியில் நிலைநிறுத்தும் சுழல்தசைகளின் நாண்களே காரணம்.

ஸ்டீராய்டு ஊசி வலியை விரைவில் தணிக்கும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தவிப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பிரிட்டனில் 708 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ‘கிராஸ்ப்’ ஆய்வில், 8 வாரங்களில் தெரிந்த நன்மை 12 மாதங்களில் நிலைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை சில நாட்கள் ஏறக்கூடும். அடிக்கடி போட்டால் தசைநாண் நலிவடையலாம்.

பயிற்சிக்குப் பொறுமை வேண்டும். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுத்து மெதுவாகத் திரும்ப விடுவது போன்ற அசைவுகளை வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான் தசைநாண் சுமை தாங்கப் பழகும். பிசியோதெரபிஸ்டிடம் 6 முறை வரை சென்றவர்களும், ஒரே முறை நேரில் ஆலோசனை பெற்று வீட்டிலேயே செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள் என்று அதே ஆய்வு காட்டியது, செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி.

தூக்கம் கெடும் அளவுக்கு வலி இல்லையென்றால் பயிற்சியையே முதலில் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஊசி போட்டுக்கொண்டவரும் வலி குறைந்தவுடன் பந்தை எடுத்துவிடாமல், அந்த இடைவெளியைப் பயிற்சிக்கே பயன்படுத்த வேண்டும்.