பழைய பிரேக் பைப்பைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி 800. வீடு உச்சிப்புளி பக்கம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் ராமேஸ்வரம், அப்படியே அரிச்சல்முனை என்று அதுதான் ஓடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், கண்ணாடியில் உப்பு பிசுபிசுவென்று ஒட்டும். கண்ணாடியைத் துடைத்துவிடுகிறோம். வண்டிக்கு அடியில் ஒட்டுவதை யார் பார்த்தது?

ஜூன் மாதம் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ராமநாதபுரம் போகும் வழியில் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பின்னாடி போற பைப் ரெண்டும் துரு அரிச்சிருச்சு. முழுசா மாத்திரணும்" என்றார். அது பொய்யில்லை. அது உண்மையாக இருந்ததால்தான் மற்றதையும் நம்பினேன். 7,200 ரூபாய். சாயங்காலம் குனிந்து பார்த்தால் பைப் கருகருவென்று பளபளத்தது. பழையது எங்கே என்று கேட்டேன். "காயலாங்கடைக்குப் போயிருச்சுண்ணே." சரி என்று வந்துவிட்டேன்.

பதினெட்டாம் நாள், கீழக்கரை போகும்போது ரோட்டின் குறுக்கே ஆட்டு மந்தை. மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் சும்மா இறங்கியது, அதற்கப்புறம்தான் பிடித்தது. பம்பருக்கும் கடைசி ஆட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலும் பிரேக் ஆயில் இரண்டு தனி வழியாகப் போகும். ஒரு முன்சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரமும் ஒரு ஜோடி. ஒரு வழி ஒழுகினாலும் மற்றது வேலை செய்யும். அந்தப் பாதி பிரேக்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. ஆட்டுக்காரர் வைதார், வாங்கிக்கொண்டேன்.

வண்டியைக் கட்டி இழுத்து, டவுனில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பள்ளம் வைத்திருக்கும் வேறொரு மெக்கானிக், ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கையோடு என்னையும் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் முனையால் பைப்பைச் சுரண்டினார். கருப்புப் பெயின்ட் தோலாக உரிந்தது. அதற்குக் கீழே புளியம்பழ ஓடு மாதிரி துரு, தொட்டால் உதிர்கிறது. பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருந்த இடங்கள்தான் ரொம்ப மோசம்; உப்பும் மணலும் அதற்குள் புகுந்து ஈரத்தோடு உட்கார்ந்துவிடுகின்றன. ஒழுகிய இடத்தில் மட்டும் இரண்டு சாண் அறுத்து, செப்புக் குழாய் ஒன்றை, இரண்டு குழாயை இணைக்கும் பித்தளை யூனியன் போட்டு ஒட்டவைத்திருந்தார்கள்.

"இது ஃபிரிட்ஜுக்குப் போடுற குழாய்யா. இதையா பிரேக்குக்குப் போடுவான்?"

அவசரத்தில் ஓங்கி மிதித்தால் அந்தப் பென்சிலைவிட மெல்லிய பைப்புக்குள் டயர் காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம் ஏறும். அதனால்தான் பைப்பின் வாயை மடித்து விரித்து, நட்டுக்குள் உட்காரவைத்து முறுக்குவார்கள். வெறும் செம்பு அதிர்ந்து அதிர்ந்து நாளடைவில் விரிசல் விடும், யூனியன் நழுவும். என்னுடையதில் நழுவியிருந்தது.

பெரியவர் மதுரையிலிருந்து செம்பும் நிக்கலும் கலந்த பைப் வரவழைத்தார். அது துருப்பிடிக்காது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கமிருந்து பின்னால் ரப்பர் ஹோஸ் வரை நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக வளைத்துப் போட்டார். துருவேறிய நட்டுகள் கழலவில்லை, அறுத்துத்தான் எடுத்தார். உப்பியிருந்த ரப்பர் ஹோஸும் மாறியது. கடைசியில் பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பெடலில் நான்: "மிதி... பிடி... விடு" என்று ஒரு மணி நேரம். பழைய பைப்பைக் கேட்காமலே தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதோடு முதல் பட்டறைக்குப் போனேன். "வண்டி நின்னுச்சுல்லண்ணே?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! அவர் கொடுத்த சீட்டில் "பிரேக் வேலை" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எத்தனை பைப், எவ்வளவு நீளம் எதுவும் இல்லை. வாங்கும்போது நானும் கவனிக்கவில்லை. அரை மணி நேரச் சத்தத்துக்கு அப்புறம் 2,000 திரும்பி வந்தது.

இன்னொன்றும் பெரியவர் சொன்னார். தனுஷ்கோடி போய் வந்ததும் நான் வண்டியைக் கழுவத்தான் செய்தேன், வீட்டு போர் தண்ணீரில். எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. இப்போது காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் வண்டிக்கு அடியில் போகிறது. வீட்டில் அதற்குத் தனியாக வசவு.