கண்ணாடியா, பாலிகார்பனேட்டா, பாலித்தீனா: சின்னப் பசுமைக்குடிலுக்கு எதைப் போர்த்துவது?

பசுமைக்குடில் வாங்கப் போகிறவர்கள் முதலில் அளவைப் பார்ப்பார்கள், அப்புறம் தோற்றத்தை. மேலே போர்த்தியிருப்பது என்ன என்ற கேள்வி கடைசியில்தான் வரும். இளவேனிலில் நாற்று விடத்தான் குடில் என்றால், இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. அந்தப் பருவத்தில் நாற்றுக்கு இரண்டு கண்டங்கள்: விடியற்காலைக் குளிர், மத்தியான வெக்கை. ஒரே நாளில் இரண்டும் வரும். கண்ணாடி, பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் தகடு, மெல்லிய பாலித்தீன் தாள் மூன்றும் இவற்றைச் சமாளிக்கும் விதம் வேறு வேறு.

முதலில் குளிர். முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் உள்ள ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர் வரும். வெளியே 2 டிகிரி, உள்ளே 12 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 வாட் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். அப்படியானால் அந்த 12 டிகிரியைக் காக்க 1200 வாட் ஹீட்டர் இரவு முழுக்க ஓட வேண்டும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட்டில் (இரண்டு அடுக்குக்கு நடுவே குழாய் குழாயாக வெற்றிடம் விட்ட தகடு) 4 மி.மீ. தகடு சுமார் 4 வாட்தான் விடும். 800 வாட் ஹீட்டர் போதும். 10 மி.மீ. தகடு என்றால் 600 வாட்டில் முடிந்துவிடும். இடுக்குகள் வழியே போகும் வெப்பம் இந்தக் கணக்கில் இல்லை. கண்ணாடித் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் எப்போதும் கொஞ்சம் காற்று புகும் என்பதால், அதையும் சேர்த்தால் கண்ணாடியின் நிலைமை இன்னும் மோசம்.

பாலித்தீன் விவகாரம் வேறு. கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் தரையிலிருந்தும் செடியிலிருந்தும் கிளம்பும் வெப்பக் கதிர்களை நேராக வெளியே விடுவதில்லை. சாதாரண பாலித்தீன் தாராளமாக விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பாலித்தீன் குடிலின் உள்ளே வெளியைவிட ஓரிரு டிகிரி குறைந்துபோவதுகூட உண்டு. போர்வை போர்த்தியும் குளிர்கிறதே என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். வெப்பக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் கலந்த பாலித்தீன் தாளும் கிடைக்கிறது. வாங்குவதானால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை: தாளின் உட்பக்கம் நீர் படிந்துவிட்டால், அந்த நீரே வெப்பக் கதிரைத் தடுக்கும். அந்த மட்டில் ஈரம் நல்லதுதான். ஆனால் அது துளித்துளியாகத் திரண்டு கீழே விழுந்தால் கதை மாறிவிடும். பெட்டூனியா பூச்செடியின் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணால் மூடாமல் மேலாகத் தூவிவிடுவோம். அந்தத் தட்டின் மேல் இரவெல்லாம் ஒரே இடத்தில் சொட்டினால், காலையில் மண்ணில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். விதை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். முளைத்தவையும் தப்பாது. ஈரம் தேங்கிய குளிர்ந்த மண்ணில் நாற்றழுகல் நோய் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். சொட்டாத வகைத் தாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் நீர் துளியாகத் திரளாமல் படலமாக ஓரத்துக்கு வழிந்துவிடும்.

வெளிச்சத்தில் கண்ணாடியை அடிக்க ஆளில்லை. புதிய கண்ணாடி சுமார் 90 சதவீத ஒளியை உள்ளே விடும். நல்ல பாலித்தீன் அதை ஒட்டி வரும். தூசி படியப் படியக் குறையும். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் 80 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். தடிமன் கூடினால் இன்னும் குறையும். குளிர்காலம் விலகும்போது பகல் நீளம் குறைவு, வெயிலும் சாய்வு. அப்போது இந்தப் பத்து சதவீதத்துக்கு மதிப்பு உண்டு. வெளிச்சம் போதாத நாற்று ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து, தன் இலையின் பாரத்தையே தாங்காமல் சாயும். பாலிகார்பனேட்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஒளியைச் சிதறடித்து உள்ளே அனுப்புவதால் கடும் நிழலும் இலை கருகலும் குறைவு.

குளிரா வெளிச்சமா, எதற்கு முதலிடம் என்பது நீங்கள் விதைப்பதைப் பொறுத்தது. மிளகாய், கத்தரி, தக்காளி, வெள்ளரி எல்லாம் வெப்பப் பயிர்கள். மிளகாய் விதை 25 டிகிரிக்கு மேல்தான் உற்சாகமாக முளைக்கும். முளைத்த பிறகும் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். இவைதான் உங்கள் பட்டியல் என்றால் நான் பாலிகார்பனேட் பக்கம். வெளிச்சத்தில் இழக்கும் பத்து சதவீதத்தைவிட, குளிரில் இழக்கும் இரண்டு வாரம் பெரிது. அதற்கு மாறாக ஸ்வீட் பீ, ஸ்னாப்டிராகன் பூச்செடிகளும் லெட்டூஸ் கீரையும் போன்றவை குளிரைப் பொறுத்துக்கொள்ளும். லெட்டூஸ் விதை 30 டிகிரியை நெருங்கினால் முளைக்கவே மறுக்கும். பூச்செடிகளும் கீரைகளும் மட்டும் போதும் என்கிறவருக்குக் கண்ணாடியே சிறப்பு. கையைக் கடிக்காத வழி வேண்டுமென்றால் பாலித்தீனும் தாராளமாகப் போதும்.

ஆயுள் விஷயத்தில் கண்ணாடிக்கு வயதே ஆவதில்லை, உடைந்தால்தான் உண்டு. குழந்தைகள் நடமாடும் இடமென்றால் 4 மி.மீ. பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடியைத் தவிர வேறு கண்ணாடியை யோசிக்க வேண்டாம். எடைதான் பிரச்சினை. 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏழரை கிலோ. நம் 20 சதுர மீட்டருக்கு 150 கிலோ வருகிறது, சட்டத்தின் எடை தனி. அதற்குச் சமமான உறுதியான அடித்தளம் வேண்டும். தளம் ஒரு பக்கம் இறங்கினால் கண்ணாடி விரிசல் விடும். அதே பரப்புக்கு 4 மி.மீ. பாலிகார்பனேட் 16 கிலோதான். ஒருவரே தூக்கிப் பூட்டிவிடலாம். காற்றும் தூக்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலத்த காற்றில் தகடு வளைந்து கிளிப்பிலிருந்து கழன்று பறப்பது இந்த வகைக்கே உரிய வியாதி. ஓரங்களைச் சட்டத்துக்குள் முழுக்கச் செருகும் அமைப்பு, கிளிப் அமைப்பைவிட மேல்.

பாலிகார்பனேட் பூட்டுவதில் மூன்று காரியங்கள் ஆயுளைத் தீர்மானிக்கும். புற ஊதாக் காப்புப் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அது வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் சில வருடங்களிலேயே தகடு மஞ்சளாகி நொறுங்கும். உள்ளே இருக்கும் குழாய்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், அப்போதுதான் உள்ளே சேரும் ஈரம் வடியும். மேல் முனையைக் காற்றுப் புகாத டேப்பாலும், கீழ் முனையை ஈரம் வெளியேற விடும் டேப்பாலும் மூட வேண்டும். கீழே திறந்தே விட்டால் குழாய்க்குள் பாசி பிடிக்கும், பூச்சி குடியேறும். அதை எந்தத் தூரிகையாலும் எட்ட முடியாது. கண்ணாடியில் இந்தத் தொல்லை இல்லை. சீசன் தொடங்கும்முன் சோப்பு நீரில் அழுத்தித் தேய்த்துக் கழுவலாம். பாலிகார்பனேட்டை அப்படித் தேய்த்தால் கீறல் விழும்.

பாலித்தீன் தாளில் புற ஊதாத் தாங்குதிறன் உள்ள 200 மைக்ரான் ரகம் மூன்று முதல் ஐந்து வருடம் வரும். சாதாரண தாள் ஒரு கோடையைத் தாண்டாது. கிழிசல் எப்போதும் சூடான உலோகக் குழாயைத் தொடும் இடத்தில்தான் தொடங்கும். குழாயின் மேல் நுரை டேப் ஒட்டிவிட்டுத் தாளை இழுத்துக் கட்டினால் ஒரு வருடமாவது கூடும்.

மத்தியான வெக்கையில் மூன்றும் ஒன்றுதான். மேகம் விலகினால் சின்னக் குடிலுக்குள் இருக்கும் கொஞ்சக் காற்று சில நிமிடங்களில் கொதிக்கத் தொடங்கும். பெரிய குடிலுக்கு இருக்கும் அவகாசம் இதற்குக் கிடையாது. கூரை ஜன்னல்களின் பரப்பு, தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் குடிலின் 5 சதுர மீட்டர் தரைக்கு முக்கால் முதல் ஒரு சதுர மீட்டர் வருகிறது. 60 செ.மீ. சதுர ஜன்னல் ஒன்று 0.36 சதுர மீட்டர்தான். ஆகவே இரண்டு வேண்டும். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி, பாலிகார்பனேட் குடில்களில் கூடுதல் ஜன்னலும், மின்சாரமே இல்லாமல் மெழுகு விரிவதால் தானே திறக்கும் கருவியும் பொருத்தலாம். பாலித்தீனில் அந்த வசதி அரிது. கதவைத் திறந்துவைத்து, பக்கத்தைச் சுருட்டிவிட ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தோதுப்படாது.

ஏற்கெனவே கண்ணாடிக் குடில் வைத்திருந்து, மிளகாயும் போட ஆசைப்படுகிறவர் அதைப் பிரித்துப்போட வேண்டியதில்லை. பெரிய குமிழி உள்ள பபுள் ராப்பை உட்புறம் கிளிப்பால் மாட்டினால் வெப்ப இழப்பு நன்றாகக் குறையும். கொஞ்சம் வெளிச்சம் போகும்தான். ஆனால் இரவுக் குளிர் தணிந்ததும் கழற்றிவிட்டால் கண்ணாடியின் முழு வெளிச்சமும் திரும்பக் கிடைக்கும். பாலிகார்பனேட்டில் இழக்கும் வெளிச்சத்தை இப்படித் திரும்பப் பெற வழியில்லை. மாட்டும்போது ஜன்னலுக்கு மட்டும் தனித் துண்டாக வெட்டி அதன் சட்டத்திலேயே ஒட்டுங்கள். ஒரே தாளாக இழுத்து ஒட்டினால், தானே திறக்கும் கருவி அதைத் தள்ள முடியாமல் திணறும்.