ஷ்வால்பே மாரத்தான் டயர்: சென்னை டு கன்னியாகுமரி 700 கிலோமீட்டர், ஒரு பஞ்சர் இல்ல

முதல்ல போன வருஷ கதைய சொல்லிடறேன், அப்பதான் ஒரு டயருக்கு ஏன் இவ்ளோ எழுதுறேன்னு புரியும். எங்கம்மாவ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்லதான் பாத்தாங்க. தன் தங்கச்சிய புற்றுநோய்க்கு பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. அதுக்காக கன்னியாகுமரி வரைக்கும் தனியா சைக்கிள் மிதிக்கிறேன், நான் ஓட்டுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உங்களால முடிஞ்சத நேரா ஆஸ்பத்திரிக்கே போட்டுடுங்கன்னு சொந்தக்காரங்க, ஆபீஸ்ல இருக்கவங்க எல்லார்கிட்டயும் கேட்டு வச்சிருந்தேன். சைக்கிளோட வந்த டயர்லயே கிளம்பிட்டேன். திண்டிவனம் தாண்டுறதுக்குள்ள ரெண்டு பஞ்சர், விழுப்புரம் கிட்ட மூணாவது, ஸ்பேர் டியூப் ரெண்டும் காலி, பேட்ச் போட்டா ஒட்ட மாட்டேங்குது, ராத்திரி எட்டு மணி, லாரிங்க உரசுற மாதிரி போகுது. சைக்கிள பஸ் மேல ஏத்தி வீட்டுக்கு வந்துட்டேன். மீதி 540 கிலோமீட்டருக்கான காசு ஆஸ்பத்திரிக்கு போகவே இல்ல. ரொம்ப நாள் அது மனசுல கிடந்துச்சு.

வீட்ல வந்து டயர உள்பக்கம் விரலால தடவி பாத்தப்பதான் காரணம் தெரிஞ்சுது. ஆணி இல்ல, கண்ணாடி இல்ல, முடி மாதிரி மெல்லிசா ஒரு கம்பி. ஹைவேல லாரி டயர் வெடிச்சு சிதறும்ல, அதுக்குள்ள இருக்க ஸ்டீல் கம்பிங்க பொடிப்பொடியா ரோட்டோரம் பூரா கிடக்கும், வெள்ளைக்கோட்டுக்கு இடது பக்கம் நாம ஓட்டுற அதே இடத்துல. அத எடுக்காம டியூப மட்டும் மாத்துனா திரும்ப அதே இடத்துல குத்தும்.

அப்புறம்தான் இந்த மாரத்தான் டயர், 700 x 32 சைஸ்ல (700ங்கறது சக்கர சைஸ், 32ங்கறது மில்லிமீட்டர்ல டயர் அகலம்) வாங்குனேன். ஷ்வால்பேங்கறது ஜெர்மன் கம்பெனி. ரோட்டுல படற ரப்பருக்கும் டியூபுக்கும் நடுவுல 3 மில்லிமீட்டருக்கு ஒரு ரப்பர் அடுக்கு வச்சிருக்காங்க, கிரீன்கார்டுன்னு பேரு. விலைய பாத்ததும், இந்த காசையும் ஆஸ்பத்திரிக்கே குடுத்துடலாமேன்னு உண்மையிலேயே தோணுச்சு, ரெண்டு நாள் வாங்காம இருந்தேன். ஆனா அந்த 540 கிலோமீட்டர நினைச்சு பாத்தா கணக்கு வேற மாதிரி வருது, துணைக்கு வண்டி வராம தனியா போறவனுக்கு டயர்தான் துணை.

இந்த தடவ ஜனவரி கடைசில கிளம்புனேன். விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலின்னு ராத்திரி தங்கல், அஞ்சாவது நாள் கன்னியாகுமரி. ஒவ்வொரு ராத்திரியும் லாட்ஜ்ல குளிக்கறதுக்கு முன்னாடி டயர சுத்தி விட்டு கையால தடவி பாக்குறது ஒரு வேலையாவே ஆயிடுச்சு. மதுரைல பின்னாடி டயர்ல அதே மாதிரி ஒரு கம்பி. ஊக்க வச்சு நெம்பி நெம்பி எடுத்தேன், ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. காது கிட்ட வச்சு கேட்டேன், காத்து போகல, டியூப தொடவே இல்ல. கட்டில்ல உக்காந்து அந்த கம்பிய உள்ளங்கைல வச்சு பாத்துட்டே இருந்தேன், போன வருஷம் இவ்ளோ பெரிய கம்பிதான் என்ன திருப்பி அனுப்புச்சு. இப்பவும் பர்ஸ்ல வச்சிருக்கேன்.

விருதுநகர் தாண்டி டீக்கு நிறுத்துனா ரோட்டோரம் பூரா சீமைக்கருவேல முள்ளு, அதுவும் ஒண்ணும் பண்ணல. அங்க கரண்ட் கம்பில தகைவிலான் குருவிங்க வரிசையா உக்காந்திருந்துச்சு, வடக்க இருந்து குளிருக்கு நம்ம ஊருக்கு வர்றதுங்க. ஷ்வால்பேன்னா ஜெர்மன்ல தகைவிலான்னுதான் அர்த்தம். அவ்ளோ தூரம் தனியா வந்தவனுக்கு அத பாத்தப்ப என்னமோ நல்லா இருந்துச்சு. ஆரல்வாய்மொழி பக்கம் காத்து பத்தி பயந்துட்டே போனேன், ஆனா அது தென்மேற்கு பருவத்துலதான் ஆள தள்ளும், ஜனவரில பெருசா தொந்தரவு இல்ல.

வெயிட் அதிகம், அத மறைக்க முடியாது. சிக்னல்ல நின்னு கிளம்பறப்ப முதல் நாலு மிதி கனமா தெரியும், ரேஸ் ஓட்டறவங்களுக்கு இது வேணாம். உருள ஆரம்பிச்சுட்டா தெரியாது. ரெண்டு பக்கமும் பளபளன்னு ஒரு கோடு இருக்கு, பின்னாடி வர்ற லாரிக்கு பக்கவாட்டுல திரும்பறப்ப நல்லா தெரியும், விடிகாலை நாலரைக்கு கிளம்பறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க சைக்கிள் ஃபிரேம்ல 32 சைஸ் உள்ள போகுமான்னு பாத்துக்கோங்க, நிறைய ரோடு பைக்ல பிரேக்ல இடிக்கும். மாட்டறப்ப சைடுல இருக்க அம்புக்குறி உருளுற பக்கம் இருக்கணும். ஸ்பேர் டியூப் குறைஞ்சது ரெண்டு எடுத்துட்டு போங்க, நான் கொண்டு போன ரெண்டும் அட்டப்பெட்டி பிரிக்காம அப்படியே திரும்பி வந்துச்சு.